கேட்டதும் விளங்கியதும்

1970இல் அமெரிக்காவில் மருத்துவக் கல்வியோடு தொடர்புடைய உளவியலாளர்களும் மனநல மருத்துவர்களும் கூடிய ஒரு பயிற்சி அரங்கில், டாக்டர் மைரன் ஃபாக்ஸ் என்ற அறிஞர் பேசினார். கணித விளையாட்டுக் கோட்பாட்டை மருத்துவர்களின் கல்வியில் எப்படிப் பயன்படுத்துவது என்பது தலைப்பு. ஒரு மணி நேரம் பேசினார், அரை மணி நேரம் கேள்விகளுக்கு விடை சொன்னார். நகைச்சுவைக்குக் குறைவில்லை. முடிந்ததும் அவையோர் நிரப்பிய படிவங்களில் பாராட்டுகள் மிகுந்திருந்தன. அதே உரையின் பதிவைப் பார்த்த வேறு இரண்டு குழுக்களும் ஏறக்குறைய அதையே சொல்லின. மூன்று குழுக்களிலும் சேர்த்து 55 பேர். அவர்களில் ஒருவர் டாக்டர் ஃபாக்ஸின் கட்டுரைகளைத் தாம் முன்பே படித்திருப்பதாகக்கூட எழுதினார்.

டாக்டர் ஃபாக்ஸ் என்று ஓர் அறிஞரே கிடையாது. பேசியவர் ஒரு நடிகர். ஓர் அறிவியல் இதழ்க் கட்டுரையிலிருந்து சொற்களை எடுத்து, முன்னுக்குப் பின் முரணாகவும் பொருளற்றும் பேசுமாறு ஆய்வாளர்கள் அவருக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். நஃப்டுலின், வேர், டானலி ஆகிய மூவரும் 1973இல் வெளியிட்ட இந்தச் சோதனை, படித்தவர்களையும் பேச்சால் ஏய்க்கலாம் என்பதற்குச் சான்றாகப் பல்லாண்டுகள் காட்டப்பட்டது.

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. 2014இல் பீர், பாபாத் என்ற இரு ஆய்வாளர்கள் அந்தப் பழைய பதிவையே மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். மாணவர்கள் ரசிக்கத்தான் செய்தார்கள். எனினும் “இதிலிருந்து ஏதாவது கற்றுக்கொண்டீர்களா?” என்று நேராகக் கேட்டபோது, இல்லை என்ற விடையே மேலோங்கியது. பழைய படிவம் அந்தக் கேள்வியை அப்படி நேராகக் கேட்டிருக்கவில்லை. பேச்சாளர் எப்படிப் பேசினார் என்பதற்கும் நமக்கு என்ன விளங்கியது என்பதற்கும் உள்ள இடைவெளியைக் கேட்பவர்களால் உணர முடியும். யாராவது கேட்கவேண்டும், அவ்வளவுதான்.

பொது அறிவியல் உரைக்குப் போய்வரும் மாணவர் எழுதும் மதிப்பீட்டின் வேலை, அந்தக் கேள்வியைத் தமக்குத் தாமே கேட்டுக்கொள்வதுதான். ‘உரை சிறப்பாக இருந்தது’ என்பதும் ‘உரை சலிப்பாக இருந்தது’ என்பதும் டாக்டர் ஃபாக்ஸின் படிவத்துக்கு உரிய விடைகள். உரையில் வைக்கப்பட்ட முடிவு எது, அது எதன்மேல் நிற்கிறது, அதைத் திரும்ப எழுப்பிக்காட்ட நம்மால் முடியுமா என்று பார்ப்பதுதான் மதிப்பீடு. இந்த வேலையில் பெரும்பகுதி அரங்கை விட்டு வெளியே வந்த பிறகே நடக்கிறது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் லண்டனில் புத்தகம் கட்டும் தொழில் பழகிய ஓர் இளைஞர் இதைச் செய்த விதம் நமக்குப் பக்கம்பக்கமாகக் கிடைக்கிறது.

நான்கு உரைகள், ஒரு நோட்டுப் புத்தகம்

மைக்கேல் ஃபாரடே 1791இல் ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தவர். பதினான்காம் வயதில் பிளாண்ட்ஃபோர்டு தெருவில் ரிபோ என்பவரின் புத்தகக் கடையில் தொழில் பழகச் சேர்ந்தார். கட்ட வந்த புத்தகங்களைப் படித்தார். அவற்றுள் ஒன்று ஐசக் வாட்ஸ் மன வளர்ச்சியைப் பற்றி எழுதிய கையேடு. படிப்பது, உரை கேட்பது, நண்பர்களோடு விவாதிப்பது, தனியே சிந்திப்பது ஆகிய எல்லாமும் சேர்ந்தால்தான் அறிவு வளரும் என்பது வாட்ஸின் கட்சி. ஃபாரடே அதை அப்படியே கடைப்பிடித்தார். 1810, 1811 ஆண்டுகளில் ஜான் டேட்டம் என்பவர் தம் வீட்டில் நடத்திய அறிவியல் உரைகளுக்குப் போனார். நுழைவுக் கட்டணம் ஒரு ஷில்லிங். கொல்லராக இருந்த அண்ணன் அதைக் கொடுத்தார். கருவிகளைச் சரியாக வரையவேண்டும் என்பதற்காக, கடை வீட்டில் தங்கியிருந்த ஒரு பிரெஞ்சு ஓவியரிடம் அண்மையும் சேய்மையும் புலப்படும்படி வரையக் கற்றுக்கொண்டார்.

1812இன் தொடக்கத்தில், கடைக்கு வந்துபோகும் ஒருவர் அவருக்கு ராயல் இன்ஸ்டிடியூஷனில் வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி ஆற்றவிருந்த நான்கு உரைகளுக்கு நுழைவுச்சீட்டு கொடுத்தார். 1799இல் தொடங்கப்பட்ட அந்த நிறுவனத்தின் அரங்குக்கு லண்டனின் செல்வர்கள் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். டேவியின் பேச்சுக்கு அத்தனை கவர்ச்சி. தொழில் பழகும் இளைஞர் மாடத்தில், கடிகாரத்துக்கு மேலே ஓர் இடம் பிடித்தார்.

அவர் குறிப்பெடுத்த முறைதான் நமக்கு முக்கியம். அரங்கில் அவர் எழுதியவை மிகச் சில சொற்களே: சோதனையின் பெயர், பொருள்களின் பெயர், தலைப்பு. வீட்டுக்கு வந்ததும் அவற்றை விரித்து, தொடர்பு புலப்படும்படி இரண்டாம் குறிப்பு. அதை வைத்து உரை முழுவதையும் கரடுமுரடாக எழுதிப் பார்ப்பது. கடைசியாகத் திருத்திய பிரதி. சொல்லுக்குச் சொல் எழுதிக்கொண்டிருந்தால் காதும் கையும் மட்டும்தான் வேலை செய்யும். சில சொற்களை மட்டும் எடுத்து வந்தால் வீட்டில் இருந்து உரையைத் திரும்பக் கட்டியாகவேண்டும். எந்த இடத்தில் கட்ட முடியாமல் நிற்கிறோமோ அந்த இடம் நமக்கு விளங்கவில்லை என்று அப்போது தெரிந்துவிடும். டேவியின் நான்கு உரைகளும் இப்படி ஏறத்தாழ 300 பக்கமாக வளர்ந்தன. படம் வரைந்து, பொருளடைவு சேர்த்து, தம் கையாலேயே அதைக் கட்டினார். 1812 டிசம்பரில் அதை டேவிக்கு அனுப்பினார். டேவியின் பதில் டிசம்பர் 24 தேதியிட்டது. 1813 மார்ச்சில் ஆய்வக உதவியாளர் வேலை கிடைத்தது.

இந்த வேலை கிடைத்த கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அதைவிடக் கவனிக்கவேண்டியது 1812 கோடையில் நடந்தது. கேட்ட உரைகளில் ஒன்று குளோரினைப் பற்றியது. அது ஒரு தனிமம் என்று டேவி 1810இல் அறிவித்திருந்தார். அமிலங்கள் அனைத்திலும் ஆக்சிஜன் உண்டு என்ற லவாய்சியரின் கோட்பாட்டுக்கு இது நேர் எதிர். அந்தக் கோட்பாட்டின்படி குளோரின் என்பது ஓர் ஆக்சிஜன் சேர்மம். பெர்சீலியஸ் போன்ற பெரிய வேதியியலாளர்கள் டேவியின் கருத்தை ஏற்க இன்னும் பல ஆண்டுகள் பிடித்தன. ஆக, ஃபாரடே கேட்டது முடிந்துபோன பாடத்தை அன்று. நடந்துகொண்டிருந்த வழக்கு ஒன்றில் ஒரு தரப்பின் வாதத்தை.

அவர் செய்தது இரண்டு. முதலாவது, தாமே செய்து பார்த்தார். துத்தநாகத் தகடுகளையும் செப்பு அரைப்பென்னிக் காசுகளையும், உப்புநீரில் நனைத்த தாளை இடையிட்டு அடுக்கி ஒரு சிறிய மின்கலம் செய்தார். அதைக் கொண்டு மெக்னீசியம் சல்பேட்டைப் பிரித்தார். இரண்டாவது, பெஞ்சமின் ஆபட் என்ற நண்பருக்குக் கடிதங்கள் எழுதினார். குளோரின் தனிமம் என்பதை ஆபட் எளிதில் ஒப்பவில்லை. டேவி சொன்னார் என்பதோடு ஃபாரடே நிறுத்தவில்லை. சோதனைகளை ஒவ்வொன்றாக எடுத்துவைத்து வாதாடினார். இங்கேதான் கேட்பவர் மதிப்பிடுபவராக மாறுகிறார். பேச்சாளரின் பெயரை எடுத்துவிட்டால் வாதம் நிற்குமா விழுமா என்று சோதித்துப் பார்க்கிறார்.

பதினொரு ஆண்டுகள் கழித்து, 1823இல், குளோரினும் நீரும் சேர்ந்த படிகங்களை மூடிய கண்ணாடிக் குழாயில் வைத்துச் சூடாக்கி, குளோரினைத் திரவமாக்கிக் காட்டியவர் இதே ஃபாரடேதான்.

பேச்சைப் பற்றிய தீர்ப்பு

உரையின் உள்ளடக்கத்தையும் உரையாற்றும் கலையையும் ஃபாரடே தனித்தனியே வைத்துப் பார்த்தார். ஆய்வகத்தில் சேர்ந்த மூன்றாம் மாதம், 1813 ஜூனில், ஆபட்டுக்கு எழுதிய சில கடிதங்கள் முழுக்க முழுக்க உரையாற்றுவதைப் பற்றியவை. அரங்கின் வடிவத்திலிருந்து தொடங்குகிறார். கூட்டம் நெருக்கும் அரங்கில் காற்றோட்டம் இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல உரையும் எடுபடாது. வாயில்கள் எங்கே இருக்கவேண்டும், வெளிச்சம் எப்படி விழவேண்டும் என்பதெல்லாம் வருகின்றன. மேசையில் அடுக்கிய கருவிகள் பேச்சாளரை மறைக்கக்கூடாது. வரைபடம் வேண்டும். பேச்சாளர் தாளைப் பார்த்து வாசிக்காமல் அவையைப் பார்த்துப் பேசவேண்டும், அவசரப்படக்கூடாது. ஒரு மணி நேரத்துக்கு மேல் எவரும் நீட்டவேண்டியதில்லை. கைதட்டலுக்கு ஏங்கும் பேச்சாளர் தம் நிலையிலிருந்து இறங்கிவிடுகிறார்.

எழுதியவருக்கு வயது 21. அதுவரை அந்த மேடையில் ஒரு முறைகூடப் பேசியதில்லை. பேசாத ஒருவருக்குப் பேச்சைக் குறைசொல்ல என்ன தகுதி என்று நம் ஊரில் யாராவது கேட்டிருப்பார்கள். ஃபாரடேயின் தகுதி கவனித்துப் பார்த்ததில் இருந்து வந்தது. எந்த இடத்தில் அவையின் கவனம் கலைந்தது, ஏன் கலைந்தது என்று காரணம் சொல்ல முடிந்தவருக்கு அதைச் சொல்லும் உரிமையும் உண்டு. பின்னாளில் தாமே பேச்சாளரானபோது இந்த அளவுகோலைத் தம்மீதும் வைத்துக்கொண்டார். பேச்சுப் பயிற்சிக்குப் போனார். வேகம் கூடினால் தமக்கு நினைவூட்ட, ‘மெதுவாக’ என்று எழுதிய அட்டையைக் கண்ணெதிரே வைக்கச் செய்தார். இளையோருக்காக 1825இல் தொடங்கிய கிறிஸ்துமஸ் உரைத் தொடரில் 19 தொடர்களை அவரே ஆற்றினார்.

நன்னூல் சொல்லும் கணக்கு

கேட்பதும் கற்பதும் ஒன்றல்ல என்று தமிழில் மிகத் துல்லியமாகக் கணக்குப் போட்டவர் நன்னூல் ஆசிரியர் பவணந்தி. 13ஆம் நூற்றாண்டின் இந்த இலக்கண நூலில், பாடம் கேட்கும் முறைக்கென்றே பாயிரத்தில் ஒரு பகுதி இருக்கிறது. ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாக உள்வாங்கினாலும் மாணவருக்குக் கிடைப்பது கால்பங்குதான் என்கிறது அது. உடன் பயில்வோரோடு பழகி இன்னொரு கால்பங்கு. பிறருக்கு எடுத்துச் சொல்லும்போது மீதி அரைப்பங்கு. கேட்டதை மீண்டும் நினைத்துப் பார்ப்பதையும், வினா எழுப்புவதையும், பிறர் வினாவுக்கு விடை சொல்வதையும் கற்றலின் கூறுகளாகவே அது வரிசைப்படுத்துகிறது.

ஃபாரடேயின் வரலாற்றை இந்தக் கணக்கில் பொருத்திப் பார்க்கலாம். டேவியின் நான்கு உரைகள் முதல் கால். ஆபட்டோடு நடந்த கடித வாதம் அடுத்த கால். பின்னாளைய மேடை மீதி அரை. அரங்கைவிட்டு எழுந்து வந்ததோடு நிறுத்திக்கொள்ளும் மாணவர் முக்கால் பங்கை அங்கேயே விட்டுவிட்டு வருகிறார்.

சென்னை, 1928

நன்னூலின் மண்ணிலேயே ஒரு சான்று உண்டு. 1928இல் ஜெர்மானிய இயற்பியலாளர் ஆர்னால்டு சோமர்ஃபெல்டு இந்தியாவுக்கு வந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் உரையாற்றினார். அந்தக் கல்லூரியில் அப்போது படித்துக்கொண்டிருந்தவர் 18 வயதை ஒட்டிய சுப்பிரமணியன் சந்திரசேகர். அணு அமைப்பையும் நிறமாலைக் கோடுகளையும் பற்றிய சோமர்ஃபெல்டின் புகழ்பெற்ற நூலை அவர் முன்பே படித்திருந்தார். உரையைக் கேட்டதோடு விடாமல், சோமர்ஃபெல்டு தங்கியிருந்த விடுதிக்கே போய் அவரைப் பார்த்தார்.

கிடைத்த செய்தி அதிர்ச்சியானது. அந்த நூலில் உள்ள குவாண்டம் கோட்பாடு பழையதாகிவிட்டது. ஹைசன்பெர்க், ஷ்ரோடிங்கர், டிராக் முதலானோர் சில ஆண்டுகளுக்குள் எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்கள் என்று நூலாசிரியரே சொன்னார். உலோகங்களில் எலெக்ட்ரான்களின் நடத்தையைப் புதிய புள்ளியியலைக்கொண்டு விளக்கும் தம் கட்டுரையின் அச்சுப்படியையும் கொடுத்தார். அது அப்போது இன்னும் வெளிவந்திருக்கவில்லை.

சந்திரசேகர் அதைப் படித்துப் பாராட்டுக் கடிதம் எழுதுவதோடு நிற்கவில்லை. அந்தப் புதிய புள்ளியியலை இன்னொரு சிக்கலுக்குப் பொருத்த முடியுமா என்று பார்த்தார். காம்ப்டன் சிதறலையும் புதிய புள்ளியியலையும் இணைத்த அவருடைய கட்டுரை 1929இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வந்தது. அதை அங்கே சேர்ப்பித்தவர் கேம்பிரிட்ஜின் ரால்ஃப் ஃபவுலர். 1930இல் சந்திரசேகர் அந்த ஃபவுலரிடமே ஆய்வு செய்யக் கப்பலேறினார்.

இரண்டு இளைஞர்களுக்கும் பொதுவானவை மூன்று. வெறுங்கையோடு உரைக்குப் போகவில்லை. முன்னரே படித்துவிட்டுப் போனார்கள். உரை முடிந்த பிறகு பேச்சாளரைத் தேடிப் போனார்கள், ஒருவர் தபாலிலும் மற்றவர் நேரிலும். கேட்டதைத் தம் கையால் ஒரு படி மேலே கொண்டுபோனார்கள். அவர்கள் மேதைகள், எல்லோராலும் ஆகுமா என்று கேட்கலாம். மேதைமை எல்லோருக்கும் வாய்க்காது. இந்த மூன்றும் வெறும் பழக்கங்கள், யாருக்கும் வாய்க்கும்.

சரளம் தரும் மயக்கம்

இந்தப் பழக்கங்கள் ஏன் தேவை என்பதற்கு இன்றைய உளவியல் விடை தருகிறது. 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஷானா கார்ப்பென்டரும் உடனிருந்தோரும் மாணவர்களுக்கு ஒரு குறுகிய காணொளியைக் காட்டினார்கள். மூவண்ணப் பூனைகள் ஏறக்குறைய எல்லாமே பெண்ணாக இருப்பதன் மரபணுக் காரணம் அதன் பொருள். ஒரு குழு பார்த்த காணொளியில் ஆசிரியர் நிமிர்ந்து நின்று, கண்ணைப் பார்த்து, தங்குதடையின்றிப் பேசினார். மற்றதில் அதே ஆசிரியர் அதே வாசகங்களைக் குனிந்து, தாளைப் பார்த்து, தட்டுத்தடுமாறி வாசித்தார். எவ்வளவு நினைவில் நிற்கும் என்று கேட்டபோது, சரளமான பேச்சைக் கேட்டவர்கள் தமக்கு அதிகம் நிற்கும் என்று நம்பினார்கள். தேர்வில் இரு குழுக்களுக்கும் வேறுபாடு இல்லை.

சரளமாக ஓடியது பேச்சாளரின் நாக்கு. நம் அறிவு அல்ல. ஆனால் உட்கார்ந்திருக்கும்போது இரண்டும் ஒன்றாகவே தோன்றுகின்றன. 2019இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் இயற்பியல் வகுப்புகளில் நடந்த ஆய்வும் இதையே வேறு பக்கத்திலிருந்து காட்டியது. தாமே கணக்குகளோடு மல்லுக்கட்டிய மாணவர்கள், நேர்த்தியான விரிவுரையைக் கேட்ட மாணவர்களைவிட அதிகம் கற்றிருந்தார்கள். ஆனால் தாம் குறைவாகக் கற்றதாகவே நினைத்தார்கள்.

மேடையில் செய்துகாட்டும் சோதனைகளுக்கும் இது பொருந்தும். புகையும் நெருப்பும் வரும் சோதனைதான் கூட்டத்தின் நினைவில் தங்கும். இயற்பியலாளர் எரிக் மஸூரின் குழு 2004இல் வெளியிட்ட ஆய்வின்படி, சோதனையைச் சும்மா பார்த்த மாணவர்களுக்கு, பார்க்காதவர்களைவிடப் பெரிதாக ஒன்றும் கூடுதலாக விளங்கவில்லை. என்ன நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லச் செய்து, அதன்பின் காட்டியபோது புரிதல் கூடியது. பொது உரையில் யாரும் நம்மைக் கேட்கப்போவதில்லை. எனவே பேச்சாளர் கருவியைத் தொடும்முன், நடக்கப்போவதை நோட்டின் ஓரத்தில் ஒரு வரி எழுதிவிடுவது மாணவரின் பொறுப்பு. தவறிப்போன அந்த ஒரு வரி, பிற்பாடு மதிப்பீட்டின் மிகச் சிறந்த பத்தியாகலாம்.

மதிப்பீட்டை எழுதுவது

ஓர் எடுத்துக்காட்டை வைத்துப் பேசினால் தெளிவாகும். சந்திரயான்-3 நிலவின் தென் துருவத்தில் இறங்கியது என்று 2023 ஆகஸ்டு 23க்குப் பிறகு எத்தனையோ மேடைகளில் சொல்லப்பட்டது. அப்படிச் சொன்ன ஓர் உரையை மாணவர் மதிப்பிடுவதாக வைத்துக்கொள்வோம்.

முதலில் எடுத்த குறிப்புகளை மூன்றாகப் பிரிக்கவேண்டும்: காட்டப்பட்டவை, சொல்லப்பட்டவை, ஊகிக்கப்பட்டவை. தரையிறங்கும்போது எடுத்த படம் காட்டப்பட்டது. இறங்கிய இடம் துருவம் என்பது சொல்லப்பட்டது. அங்கே நீர்ப்பனி கிடைக்கும், நாளை மனிதர் குடியேறலாம் என்பது ஊகம். மேடையில் இவை மூன்றும் ஒரே குரலில் வருவதால் நம் காதில் ஒரே எடையோடு விழுகின்றன.

அடுத்து, சொல்லப்பட்டவற்றுள் ஒன்றிரண்டையாவது சரிபார்க்கவேண்டும். சந்திரயான்-3இன் தரையிறங்கு கலமான விக்ரம் இறங்கிய இடம் தெற்கு அட்சரேகை 69 பாகையை ஒட்டியது. நிலவின் ஆரம் சுமார் 1,737 கிலோமீட்டர்; அதன்படி ஒரு பாகைக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். துருவத்திலிருந்து இறங்குதளம் 600 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளியிருக்கிறது என்பது பள்ளி மாணவர் போடக்கூடிய கணக்கு. அதுவரை எந்த நாட்டுக் கலமும் அவ்வளவு தெற்கே மெதுவாக இறங்கியதில்லை என்பதும் உண்மை. இரண்டையும் எழுதவேண்டும்.

இங்கேதான் மதிப்பீடும் குற்றம் பார்ப்பதும் பிரிகின்றன. இந்தத் திருத்தம் உரையின் வாதத்தைத் தொடுகிறதா? பேச்சாளர் இறங்கிய நுட்பத்தைப் பற்றி மட்டும் பேசியிருந்தால், ‘துருவம்’ என்பது ஒரு தளர்ச்சியான சொல். ஒரு வரியில் குறிப்பிட்டுவிட்டுக் கடந்துபோகலாம். ஆனால் துருவத்தில் இறங்கியதால் அங்கே பனி இருக்கும் என்று அவர் வாதிட்டிருந்தால் நிலைமை வேறு. நிலவின் அச்சு ஏறத்தாழ 1.5 பாகைதான் சாய்ந்திருக்கிறது. ஆகவே சூரியவெளிச்சம் ஒருபோதும் படாத பெரும் பள்ளங்கள் துருவத்தை ஒட்டியே அமைகின்றன. நீர்ப்பனிக்கான வலுவான சான்றுகளும் அத்தகைய இடங்களிலிருந்தே வருகின்றன. 69 பாகையில் சூரியன் தாராளமாக மேலே எழும். அப்போது அந்த ஒரு சொல் வாதத்தின் தூணாகிவிடுகிறது. தூண் சாய்ந்தால் கூரையும் சாயும்.

இதையெல்லாம் எழுதும்முன், பேச்சாளரின் கருத்தை அவரே ஒப்புக்கொள்ளும் வகையில், அதன் வலிமையான வடிவத்தில் ஒரு பத்தி எழுதியாகவேண்டும். ஃபாரடேயின் நோட்டு முதலில் டேவிக்கு உண்மையாக இருந்தது, வாதம் அப்புறம்தான். அரைகுறையாகப் புரிந்துகொண்ட ஒன்றை மறுப்பது எளிது, பயனற்றதும்கூட. உரையின் நடையைப் பற்றிய கருத்துகளுக்குத் தனி இடம் ஒதுக்கவேண்டும்: எழுத்து பின்வரிசைக்குத் தெரிந்ததா, வரைபடத்தின் அச்சுகளில் அலகு இருந்ததா, பொது அவைக்குத் தேவையில்லாத கலைச்சொற்கள் குறுக்கிட்டனவா, கேள்விக்கு நேரமிருந்ததா. நன்றாகப் பேசியவர் தவறாகச் சொல்லியிருக்கலாம். மோசமாகப் பேசியவர் சரியாகச் சொல்லியிருக்கலாம். ஒன்றின் மதிப்பெண்ணை மற்றதற்குக் கொடுத்துவிடாமல் இருக்கவே இந்தப் பிரிவினை.

மதிப்பிடுபவரும் மதிப்பீட்டுக்கு உரியவர்தான். 1853இல், ஆவிகள் மேசையை நகர்த்துவதாக இங்கிலாந்தே பரபரத்தது. ஃபாரடே இரு பலகைகளுக்கு நடுவே கண்ணாடி உருளைகளை வைத்து, அசைவைக் காட்டும் ஒரு முள்ளையும் பொருத்தி, மேசையை நகர்த்துவது அதைச் சுற்றி அமர்ந்திருப்போர் அதன்மேல் வைத்த கைகளே என்று காட்டினார். அவர்கள் பொய் சொல்லவில்லை. தாம் தள்ளுவது அவர்களுக்கே தெரியவில்லை. முள் கண்ணில் படும்படி வைத்ததும் மேசை நின்றுவிட்டது. அடுத்த ஆண்டு ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஆற்றிய உரையில், நாம் விரும்புவதையே நம்பும் இயல்புதான் நம் தீர்ப்பைக் கெடுக்கும் முதல் காரணம் என்றும், ஒவ்வொருவரும் தமக்குத் தாமே கடுமையான விமரிசகராகவேண்டும் என்றும் அவர் வலியுறுத்தினார். நாட்டுப் பெருமையோடு கேட்ட உரையில், நாம் எந்தப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தோம் என்று பார்ப்பதும் இதில் அடங்கும்.

அவை சிரித்தபோது

நம் தீர்ப்பைக் கெடுக்கும் இன்னொரு காரணம் அவைதான். 1935 ஜனவரி 11 அன்று லண்டனில் ராயல் வானியல் சங்கத்தின் கூட்டம் நடந்தது. ஒரு காலத்தில் சென்னையில் சோமர்ஃபெல்டின் உரையைக் கேட்டிருந்த சந்திரசேகர் இப்போது மேடையில் இருந்தார். சூரியனைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு நிறைக்கு மேல் ஒரு வெண்குள்ள விண்மீன் நிலைத்திருக்க முடியாது என்ற தம் முடிவை விளக்கினார். அவருக்கு அடுத்துப் பேசியவர் ஆர்தர் எடிங்டன். அந்தக் காலத்தின் பெரும் வானியலாளர், அறிவியலை மக்களிடம் கொண்டுசென்றதில் நிகரற்ற பேச்சாளர். விண்மீன் சுருங்கிக்கொண்டே போகும் என்ற முடிவே அபத்தம், இயற்கை அதற்கு இடம்கொடாது என்று எடிங்டன் கிண்டலாகப் பேச, அவை சிரித்தது. பதில் சொல்ல சந்திரசேகருக்கு வாய்ப்புக் கொடுக்கப்படவில்லை. அவர் பக்கம் நியாயம் இருப்பதாகத் தனியே ஒப்புக்கொண்ட இயற்பியலாளர்கள் வெளியே வந்து பேசவில்லை. அந்த நிறை எல்லை இன்று சந்திரசேகர் பெயரால் வழங்குகிறது. 1983இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

எடிங்டன் சமன்பாட்டில் ஒரு பிழையைக் காட்டிச் சிரிக்கவைக்கவில்லை. முடிவு தமக்குப் பிடிக்காததைச் சொல்லிச் சிரிக்கவைத்தார். அன்று அவையில் ஒரு மாணவர் இருந்து, காட்டப்பட்டது எது, சொல்லப்பட்டது எது என்று இரு பத்திகளாகப் பிரித்து எழுதியிருந்தால், எடிங்டனின் பக்கத்தில் முதல் பத்தி எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். சிரிப்பையும் கைதட்டலையும் மதிப்பீட்டில் குறிக்கலாம், அவையைப் பற்றிய செய்தியாக. கருத்துக்குச் சான்றாக அவற்றைக் கொள்ள முடியாது.

நம் அரங்குகளுக்கு

தமிழ்நாட்டில் அறிவியல் உரைகளுக்குப் பஞ்சமில்லை. பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாளையொட்டிப் பள்ளிகளும் கல்லூரிகளும் உரைகள் நடத்துகின்றன. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் பல்லாண்டுகளாக ஊர்தோறும் கூட்டம் போடுகிறது. ஆனால் பெரும்பாலான நிகழ்ச்சிகளின் அமைப்பு நமக்குத் தெரியும்: வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, சிறப்புரை, பொன்னாடை, நன்றியுரை. நேரம் போதாமல் போனால் முதலில் வெட்டுப்படுவது கேள்வி நேரம். மாணவர்கள் கொண்டுவரவேண்டியது ‘நிகழ்ச்சி அறிக்கை’; அதில் இன்னார் வந்தார், இன்ன தலைப்பில் பேசினார், மாணவர்கள் பயனடைந்தனர் என்ற மூன்று வாக்கியங்கள் போதும். நன்னூலின் கணக்கில் முதல் கால்பங்குக்கு மட்டுமே நாம் மேடை போடுகிறோம்.

இதை மாற்றப் பெரிய செலவு ஆகாது. உரைக்கு ஒரு வாரம் முன்பே பேச்சாளரிடம் ஒரு பக்கக் கட்டுரை வாங்கி மாணவர்களுக்குக் கொடுக்கலாம். வாழ்த்துரைகளைக் குறைத்து, கேள்விக்கு அரை மணி நேரம் ஒதுக்கலாம். மறுநாள் வகுப்பில் ஒரு மணி நேரம் மாணவர்கள் தங்களுக்குள் வாதாடலாம். எழுதிய மதிப்பீடுகளில் நல்லவற்றைப் பேச்சாளருக்கே அனுப்பலாம். தம் உரையை ஒரு பதினேழு வயதுப் பெண் எங்கே சரியாகப் புரிந்துகொண்டாள், எங்கே வழி தவறினாள் என்று அறிந்துகொள்வதைவிடப் பயனுள்ள பரிசு பேச்சாளருக்கு வேறில்லை; பொன்னாடையை அவர் எங்கே வைப்பது?

அத்தகைய மதிப்பீட்டுக்கு மதிப்பெண் போட ஆசிரியருக்கு ஓர் எளிய அளவுகோல் உண்டு. அந்த உரைக்கு வராத ஒரு மாணவரிடம் அதைக் கொடுத்துப் படிக்கச் சொல்லவேண்டும். படித்த பிறகு பேச்சாளரிடம் கேட்க அவருக்கு ஒரு நல்ல கேள்வி தோன்றினால், எழுதியவருக்கு உரை விளங்கியிருக்கிறது என்று கொள்ளலாம்.